இலவச வானொலி என்று ஒன்று கிடையாது

"ரேடியோவுக்குப் போய் யாராவது காசு கட்டுவாங்களா, சித்தப்பா?"

2006-ல் மாயவரத்து வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பா மகன் அப்பாவிடம் கேட்ட கேள்வி இது. அப்பா பதில் சொல்லவில்லை. கிழக்கு ஜன்னல் கட்டையில் இருந்த தட்டையான சின்ன ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு, நூல் நூலாகத் திருப்பிக்கொண்டிருந்தார். ரிசீவர் திரையில் சிக்னல் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஏறின. கொல்லைத் தென்னையின் மட்டை ஒன்று குறுக்கே ஆடியதும் இறங்கின. மட்டை விலகியதும் மறுபடி ஏறின. பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்ற ஆசியாஸ்டார் என்ற செயற்கைக்கோளிலிருந்து ஒரு காம்போதி ராகம் எங்கள் கூடத்துக்குள் இறங்கி வந்தது.

அண்ணனின் கேள்வியை அதற்குப் பிறகு நூறு வாயில் கேட்டுவிட்டேன். காற்றில் வருவதற்கு விலை ஏது, வானொலி என்றாலே இலவசம், அதற்குச் சந்தா கட்டுகிறவன் ஏமாளி என்று படித்தவர்களும் சொல்கிறார்கள், பாட்டு தெரிந்தவர்களும் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு என்பதோடு நான் நிறுத்த மாட்டேன். நம் காதுகளை நாற்பது வருஷமாகக் கெடுத்து வைத்திருப்பதும் இதுதான்.

நாற்பது வருஷம் என்று கணக்காகத்தான் சொல்கிறேன். அதற்கு முன்பு இந்த நாட்டில் வானொலி இலவசமாக இருந்ததே இல்லை. ரேடியோப் பெட்டி வாங்கினால் தபால் ஆபீஸுக்குப் போய் லைசென்ஸ் எடுக்க வேண்டும். வருஷா வருஷம் அந்தச் சின்னப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். எழுபதுகளில் பெரிய பெட்டிக்கு ஆண்டுக்கு 15 ரூபாய். 1970-ல் ஒரு பவுன் தங்கம் 150 ரூபாயை ஒட்டி விற்றது. பவுனில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துத்தான் நம் பெரியவர்கள் நாகஸ்வரமும் நாடகமும் செய்தியும் கேட்டார்கள். எண்பதுகளின் நடுவில்தான் இந்தக் கட்டணம் ஒழிந்தது. அப்பா அந்த லைசென்ஸ் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். ரேடியோவுக்குக் காசு கட்டுவது அவருக்கு விநோதமாகத் தோன்றாததற்கு அதுவும் காரணம்.

சரி, இன்றைய இலவசத்தைப் பார்ப்போம். போன மாதம் முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில் தனியார் எஃப்.எம். ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் நான்கு பாட்டு. அதில் ஒன்றுகூட முழுதாக ஓடவில்லை. சரணம் முடிகிற இடத்தில் அறிவிப்பாளரின் குரல் மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மிச்ச நேரமெல்லாம் நகைக்கடை, மனைப்பிரிவு, மறுபடியும் நகைக்கடை. எனக்கு அந்த அறிவிப்பாளர்மேல் கோபம் இல்லை. காசு கொடுப்பவருக்குத்தானே தராசு பிடிப்பார்கள்? அங்கே காசு கொடுப்பவர் நகைக்கடைக்காரர், நாமல்ல. அவர் கொடுத்த காசும் எங்கே போகிறது? செய்கூலியோடும் சேதாரத்தோடும் சேர்ந்து நம் பில்லில்தான் திரும்பி வருகிறது. ரேடியோவே கேட்காதவரும் அதைக் கட்டுகிறார்.

தனியார் எஃப்.எம். இந்தியாவில் 2001-ல் தொடங்கியது. அன்றிலிருந்து எத்தனை நிலையங்கள் வந்தன! சென்னை டயலைத் திருப்பினால் ஏறக்குறைய ஒரே சினிமாப் பாட்டுதான் வெவ்வேறு பெயரில் ஒலிக்கிறது. நாள் முழுக்கக் கர்நாடக சங்கீதத்துக்கென்று ஒரு தனியார் நிலையத்தையும் நான் அங்கே கேட்டதில்லை. சொந்தமாகச் செய்தி தயாரிக்கவும் அவற்றுக்கு அனுமதி இல்லை. கூட்டத்தை எண்ணிக் காட்டினால்தான் விளம்பரம் வரும். நாதஸ்வரத்துக்கு அந்த எண்ணிக்கை வராது என்று நினைப்பவர்கள் அதை ஒலிபரப்பமாட்டார்கள்.

அப்பா ஜன்னலோரத்தில் பிடித்த வோர்ல்டுஸ்பேஸ் என்ற சந்தா வானொலி இந்தக் கணக்கை மாற்றிக் காட்டியது. எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990-ல் தொடங்கிய நிறுவனம் அது. ஆப்பிரிக்காவுக்கு 1998-லும் ஆசியாவுக்கு 2000-லும் செயற்கைக்கோள் ஏவினார்கள். இந்தியாவில் கர்நாடக இசைக்கு 'ஸ்ருதி', இந்துஸ்தானிக்கு 'காந்தர்வ்' என்று தனித்தனி அலைவரிசைகள். தமிழுக்கும் ஒன்று இருந்தது. ஏ.ஆர். ரஹ்மான் விளம்பரத் தூதராக இருந்தார். ராகம் பாடி, தானம் பாடி, பல்லவிக்கு வருவதற்குள் முக்கால் மணி நேரம் ஆனாலும் நடுவில் யாரும் சோப்பு விற்க வரமாட்டார்கள். அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் அப்பா காசு கட்டினார்.

"அதுதான் மூடிப்போச்சே, அதிலிருந்தே தெரியலையா?" என்பார்கள். எனக்கு மிகவும் ஆத்திரமூட்டும் வாதம் இதுதான். வோர்ல்டுஸ்பேஸ் தலைக்குமேல் கடன் ஏறி 2008 அக்டோபரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கேட்டது. வாங்க வந்தவர்கள் இந்தியச் சந்தா வணிகத்தை எடுத்துக்கொள்ள மறுத்தார்கள். 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இங்கே ஒலிபரப்பு நின்றது. முன்பணம் கட்டியிருந்தவர்களுக்கு அது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் காசு கட்ட ஆளில்லாததால் மட்டும் அது சாகவில்லை. செயற்கைக்கோள் வானொலி கட்டடம், மரம், பாலத்துக்கு அடியிலெல்லாம் அறுந்துபோகும். நகரத்தில் ஓடும் காரில் கேட்க வேண்டுமானால் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர்களைத் தரையில் வைத்தாக வேண்டும். அதற்கு வழிவிடும் அரசுக் கொள்கை கடைசிவரை வந்து சேரவில்லை. கார் இல்லாத செயற்கைக்கோள் வானொலி ஜன்னலோரத்தைத் தாண்ட முடியாது.

கார் இருந்த ஊரில் என்ன ஆயிற்று? அமெரிக்காவில் எக்ஸ்.எம். என்ற செயற்கைக்கோள் வானொலி 2001-லும் சிரியஸ் என்ற இன்னொன்று 2002-லும் ஒலிபரப்பைத் தொடங்கின. இரண்டும் நஷ்டத்தில் தள்ளாடி 2008-ல் இணைந்தன. 2009 தொடக்கத்தில் திவாலின் வாசலுக்கே போய், லிபர்ட்டி மீடியா கொடுத்த கடனால் பிழைத்தன. இன்றைக்கும் மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள் சிரியஸ் எக்ஸ்.எம்.முக்குச் சந்தா கட்டுகிறார்கள். செல்போன் டவர் இல்லாத பாலைவனச் சாலையில் நாள் முழுக்க லாரி ஓட்டுகிறவருக்கு அது வெட்டிச் செலவா? அந்த நிறுவனத்தின்மேல் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சந்தாவை ரத்துசெய்ய விடாமல் இழுத்தடிக்கிறார்கள் என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2023-ல் வழக்கே போட்டார். அந்த வழக்கு நியாயமானது. காசு வாங்குகிறவன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இலவசமாகக் கேட்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்கவே நமக்கு வாய் எழாது.

இன்னொன்று அங்கே நடக்கிறது, பாடகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் சாதாரண ஏ.எம்., எஃப்.எம். நிலையங்கள் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகை தருகின்றன. இசைத்தட்டில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் சட்டப்படி எதுவும் தர வேண்டியதில்லை. செயற்கைக்கோள் வானொலி அவர்களுக்கும் தந்தாக வேண்டும். 2018 முதல் அதற்கான விகிதம் வருமானத்தில் 15.5 சதவீதம். இலவச வானொலியில் பாடியவர் ஓசியில் பாடுகிறார். காசு கட்டிய வானொலியில் அவருக்குக் கூலி போகிறது.

போனில் எல்லாம் கிடைக்கிறதே என்ற கேள்வியும் வரும். கிடைக்கிறது, நான் தேடினால். எனக்குப் பெயரே தெரியாத பாடகரை நான் எப்படித் தேடுவேன்? எனக்காக உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிற ஒரு ரசிகர் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். அகில இந்திய வானொலி 2016 முதல் 'ராகம்' என்று 24 மணி நேரச் சாஸ்திரிய இசை அலைவரிசை நடத்துகிறது. நல்ல காரியம். அதுவும் நம் வரிப்பணத்தில்தான் ஓடுகிறது.

பாட்டை விடுங்கள். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கடலோரக் கிராமங்களில் சர்வோதயா என்ற தொண்டு அமைப்பும் லேர்ன் ஏசியா என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து எச்சரிக்கைக் கருவிகளைச் சோதித்தபோது, அவற்றில் வோர்ல்டுஸ்பேஸ் ரிசீவரும் இருந்தது. செல்போன் கோபுரம் சாய்ந்தாலும் வானத்திலிருந்து குரல் வரும் என்பதால். அந்தக் குரலும் இப்போது இல்லை.

2010 ஜனவரி முதல் தேதி காலையில் அப்பா குளித்துவிட்டு வந்து வழக்கம்போல ஸ்விட்சைப் போட்டார். ஒலிபரப்பு நின்றுவிடும் என்று முன்பே சொல்லியிருந்தேன். ஆனாலும் ஆன்டெனாவை எடுத்து நூல் நூலாகத் திருப்பினார். அடுத்த ஜன்னலுக்கும் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். கட்டம் ஒன்றும் ஏறவில்லை. வயரைச் சுற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இந்த மாதிரி வேறெங்கயாவது இருக்கா பாருப்பா. எவ்வளவுன்னாலும் கட்டிடலாம்."