ஒரு நிமிஷ வேலையும் ஏழு தையலும்

போன மாசம் நண்பர் ஒருத்தர் வீட்டுக்குப் போயிருந்தேன். புதுசா ஒரு ரிமோட் விமானம் கட்டியிருக்கார். சாப்பாட்டு மேசை மேல விமானம், பக்கத்துல அவரோட ஆறு வயசுப் பையன். மனுஷன் பறக்கவிடுற பெரிய லைப்போ பாட்டரியைச் செருகி, "வால் பக்கம் எப்படி ஆடுது பாருங்க"ன்னு காட்டுறார். மூக்குல ப்ரொப்பெல்லர் அப்படியே இருக்கு! "அதைக் கழட்டிடுங்க சார்"னேன். "ஒரு நிமிஷ வேலைதானே, இதுக்குப் போய் பயப்படுறீங்களே"ன்னு சிரிச்சார்.

அந்த ஒரு நிமிஷத்தைப் பத்திதான் இந்தப் புலம்பல். என் வலது ஆள்காட்டி விரல்ல ஏழு தையல் தழும்பு இருக்கு. அதுவும் ஒரு நிமிஷ வேலைதான். சட்டைக் கை த்ராட்டில் குச்சியில மாட்டிச்சு, அவ்வளவுதான்.

மக்களே, ரிசீவரையும் சர்வோவையும் சோதிக்க மோட்டார் எதுக்கு? வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, அதாங்க இ.எஸ்.சி., லைப்போவோட வோல்டேஜைக் குறைச்சு ரிசீவருக்கும் கொடுக்குது, வாஸ்தவம். ஆனா அதே வழியில மோட்டாரும் உயிரோட காத்துக்கிட்டு இருக்கு. ரிமோட்ல வேற மாடல் மெமரி இருந்தாலோ, ஃபெயில்சேஃப் தப்பா பதிவாகியிருந்தாலோ, நீங்க தொடாமலே சுத்தலாம். விரல் பட்டா எலக்ட்ரிக் மோட்டார் ஐயோ பாவம்னு நிக்காது. இன்னும் அதிகமா கரண்ட் இழுத்துத் தள்ளத்தான் பார்க்கும்.

சரி, வேற என்ன பண்றது? சுவர்க் கடிகாரத்துக்குப் போடுற சைஸ்ல நாலு ரீசார்ஜ் செல், ஒரு ஹோல்டர். 1.2 வோல்ட் வீதம் 4.8 வோல்ட். சாதாரண சர்வோக்கள் எதிர்பார்க்கிறது 4.8லேர்ந்து 6 வரைக்கும்தான். இ.எஸ்.சி. ஒயரை ரிசீவர்லேர்ந்து உருவிட்டு, இதைச் செருகுங்க. ரெண்டையும் சேர்த்து மாட்டாதீங்க, ரெண்டு சப்ளையும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். ரிமோட்டை முதல்ல போடணும், கடைசியில அணைக்கணும்.

உடனே சில விஞ்ஞானிகள் கிளம்புவாங்க. "9 வோல்ட் சதுர பாட்டரி போதுமே?" போதாதுங்க. வோல்டேஜும் அதிகம், கரண்டும் தராது. நாலு சர்வோ சேர்ந்து அசைஞ்சா வோல்டேஜ் படுத்து, ரிசீவர் மயங்கிடும். "பழைய ரேடியோ அடாப்டர்?" 6 வோல்ட்னு எழுதியிருக்கும், லோடு இல்லாதப்ப அதைவிட நிறையவே காட்டும். "லைப்போவையே நேரா ரிசீவர்ல?" மூணு செல் முழு சார்ஜ்ல 12.6 வோல்ட். சர்வோவுக்குக் கொள்ளி வைக்கணும்னா தாராளமா செய்யுங்க :-)

மோட்டாரையே சோதிக்கணுமா? ப்ரொப்பெல்லரைக் கழட்டிட்டு சோதிங்க. ஒரே ஒரு நட்டு. அதுவும் ஒரு நிமிஷ வேலைதானே?

எனக்குக் கோபம் அந்தச் சிரிப்பு மேலதான். ஜாக்கிரதையா இருக்கிறவன் கத்துக்குட்டி, துணிஞ்சவன் கில்லாடின்னு யாரு கிளப்பிவிட்டதுன்னு தெரியலை. பக்கத்துல நின்ன பையன் அன்னிக்கு அப்பாக்கிட்ட கத்துக்கிட்டது அந்தச் சிரிப்பைத்தான்.

கழட்டிட்டு செய்யுறவன் பயந்தாங்கொள்ளின்னா, நான் பயந்தாங்கொள்ளியாவே இருந்துட்டுப் போறேன். பத்து விரலும் ஒழுங்கா இருந்தாத்தானே சாமி, பதிவு தட்ட முடியும்!