கடன் அட்டை: மூன்று நாள் தாமதமும் முப்பது நாள் தாமதமும் ஒன்றா? கடன் வரலாற்றில் பதிவாவது என்ன?

புதுதில்லி: கடன் அட்டை (கிரெடிட் கார்டு) நிலுவையைக் கெடு தேதிக்குப் பின்னர் செலுத்தும் வாடிக்கையாளருக்கு இருவகை இழப்பு ஏற்படுகிறது. ஒன்று, தாமதக் கட்டணமும் வட்டியும். இது அடுத்த மாதக் கணக்கு அறிக்கையிலேயே தெரிந்துவிடும். மற்றொன்று, கடன் வரலாற்றில் பதியும் குறிப்பு. வீட்டுக் கடனுக்கோ வாகனக் கடனுக்கோ விண்ணப்பிக்கும் நாள் வரை பலரும் இதை அறிவதில்லை. கடன் விவரங்களை மாதத்துக்கு இருமுறை அளிக்க வேண்டும் என்ற இந்திய ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருப்பதால், இந்த இரண்டாவது இழப்பு முன்பைவிட விரைவாக நேரக்கூடும்.

மூன்று நாள் விதி

கெடு தேதியை ஒரு நாள் தவறவிட்டாலே கடன் மதிப்பெண் சரிந்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. ரிசர்வ் வங்கியின் விதி அவ்வாறு கூறவில்லை. 2022 ஏப்ரல் 21-ஆம் தேதி வெளியிடப்பட்டு, அதே ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கடன் அட்டை வழிகாட்டு நெறிகளின்படி, நிலுவை மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால் மட்டுமே அட்டை வழங்கிய நிறுவனம் தாமதக் கட்டணம் விதிக்கலாம். கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கலாம். கணக்கு அறிக்கையில் குறிப்பிடப்பட்ட கெடு தேதியிலிருந்தே நாட்கள் கணக்கிடப்படும்.

எடுத்துக்காட்டாக, கெடு தேதி 5 எனில், 8-ஆம் தேதிக்குள் செலுத்துபவரின் கணக்கைத் தவறிய கணக்கு எனத் தெரிவிக்க இயலாது. 9-ஆம் தேதியிலிருந்து அந்தப் பாதுகாப்பு இல்லை.

எனினும், இந்த விதி தாமதக் கட்டணத்தையும் கடன் தகவல் பதிவையும் பற்றியது மட்டுமே. வட்டிக்கு அது எந்தச் சலுகையையும் அளிக்கவில்லை. மொத்த நிலுவையும் கெடு தேதிக்குள் செலுத்தப்படாவிட்டால், வட்டியில்லாக் காலச் சலுகை பொதுவாகப் பறிபோகும்.

மாதம் இருமுறை கணக்கெடுப்பு

நாட்டில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்று இயங்குகின்றன. வங்கிகளும் வங்கி சாரா நிதி நிறுவனங்களும் இவற்றுக்குத் தங்கள் வாடிக்கையாளர்களின் விவரங்களை அனுப்புகின்றன. முன்பு இது மாதம் ஒருமுறை நடந்தது. தற்போது மாதத்தின் 15-ஆம் தேதி நிலவரமும் இறுதி நாள் நிலவரமும் தனித்தனியே செல்கின்றன.

மேற்கண்ட எடுத்துக்காட்டில், 5-ஆம் தேதி செலுத்த வேண்டிய தொகையை ஒருவர் 20-ஆம் தேதி செலுத்துவதாகக் கொள்வோம். மாத இறுதி நிலவரம் மட்டும் அனுப்பப்பட்ட காலத்தில், அந்நாளில் அவர் கணக்கில் பாக்கி இருந்திருக்காது. இப்போதோ 15-ஆம் தேதி நிலவரத்தில் பத்து நாள் தாமதம் இடம்பெறக்கூடும். இம்மாற்றத்தால் நன்மையும் உண்டு. பாக்கியைத் தீர்த்தவரின் கணக்கு சீரானதும் அதே வேகத்தில் பதிவாகும்.

தொகையைக் காட்டிலும் நாட்களே முக்கியம்

கடன் அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே, அதிகபட்சம் 36 மாதங்களுக்கு, நிலுவை நாட்களின் எண்ணிக்கை மாதவாரியாகக் குறிக்கப்பட்டிருக்கும். முறையாகச் செலுத்திய மாதத்தில் ‘000’ என்றும், ஒரு மாதம் தவறியிருந்தால் ‘030’ என்பது போன்றும் இருக்கும். இந்தக் கட்டம் தொகையின் அளவைப் பார்ப்பதில்லை. பயன்படுத்தாமல் மேசை அறையில் கிடக்கும் அட்டையின் ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய் செலுத்தப்படாமல் போனாலும், நாட்கள் அதே முறையில்தான் எண்ணப்படும்.

குறைந்தபட்சத் தொகை கெடு தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் முழுமையாகச் செலுத்தப்படாவிட்டால், அக்கணக்கு வாராக் கடனாக வகைப்படுத்தப்படும். இவ்வகைப்பாடு தனித்தனிக் கணக்குக்கு அன்றி, கடன் பெற்றவருக்கே பொருந்தும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஒரே வங்கியில் கடன் அட்டையும் வீட்டுக் கடனும் வைத்திருப்பவர் அட்டை நிலுவையை இவ்வாறு தவறவிட்டால், ஒழுங்காகத் தவணை செலுத்திவரும் வீட்டுக் கடனும் அவ்வங்கியின் வாராக் கடன் பட்டியலில் சேரும்.

குறைந்தபட்சத் தொகை தரும் பாதுகாப்பு

குறைந்தபட்சத் தொகையைக் கெடுவுக்குள் செலுத்துபவரின் கணக்கு தவறிய கணக்காகக் கருதப்படுவதில்லை. பதிவு காப்பாற்றப்படுகிறது, ஆனால் செலவு குறைவதில்லை. ரூ.20,000 நிலுவையில் ரூ.1,000 மட்டும் செலுத்தப்பட்டதாகவும், வட்டி மாதம் 3.5 சதவீதம் எனவும் கொண்டால், மீதமுள்ள ரூ.19,000-க்கு ஒரு மாத வட்டி ரூ.665 ஆகும். அதன்மீது 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி சேர்ந்தால் சுமார் ரூ.785. செலுத்திய ஆயிரத்தில் பெரும்பகுதிக்கு ஈடான தொகை மீண்டும் கடனாக ஏறிவிடுகிறது. மேலும், அட்டை வரம்பில் பெரும்பங்கு தொடர்ந்து பயன்பாட்டில் இருப்பதும் மதிப்பெண்ணைக் குறைக்கும் காரணிகளுள் ஒன்று.

ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வசூலிப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ஆம் தேதி ரத்து செய்தது. எனவே, வட்டிச் சுமைக்கு அந்த உச்சவரம்பு இப்போது இல்லை.

வேலைவாய்ப்பு வரை நீளும் விளைவு

கடன் மதிப்பெண் 300 முதல் 900 வரை கணக்கிடப்படுகிறது. மதிப்பெண் குறைந்தால் கடன் மறுக்கப்படலாம்; கிடைத்தாலும் வட்டி விகிதம் உயரலாம். இருபது ஆண்டு வீட்டுக் கடனில் அரை சதவீத வேறுபாடுகூட, எந்தத் தாமதக் கட்டணத்தையும் விடப் பன்மடங்கு பெரிய தொகையாகும்.

விளைவு கடனோடு நின்றுவிடுவதும் இல்லை. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், கடன் வரலாறு சரியில்லை என்ற காரணத்தால் ரத்து செய்யப்பட்டது. கடன்களை ஏற்கெனவே அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டபோதிலும், வங்கியின் முடிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் மாதம் உறுதிசெய்தது. கடனைத் தீர்ப்பதும், அதைத் தவறாமல் செலுத்திய வரலாறு இருப்பதும் வெவ்வேறு என்பதே இவ்வழக்கு உணர்த்தும் செய்தி.

வாடிக்கையாளரின் உரிமைகள்

கடன் தவறியவர் எனப் பதிவு செய்வதற்கு முன் அட்டை நிறுவனம் அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு பரிவர்த்தனை குறித்துப் புகார் நிலுவையில் இருக்கும்போது, அது தீர்வதற்கு முன் தவறியதாகத் தெரிவிக்கக் கூடாது. பாக்கி தீர்க்கப்பட்டால் 30 நாட்களுக்குள் பதிவைத் திருத்த வேண்டும். தாமதக் கட்டணத்தை, கெடுவுக்குப் பின் எஞ்சிய தொகையின் மீது மட்டுமே கணக்கிட வேண்டும். மொத்த நிலுவையின் மீது கணக்கிடக் கூடாது.

நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒருமுறை முழுமையான கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். அதில் பிழை இருப்பின் புகார் அளிக்கலாம். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு பெறும் உரிமை 2024 ஏப்ரல் மாதம் முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பின்னரும் குறை நீடித்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

உண்மையில் நேர்ந்த தாமதத்தை இந்த உரிமைகளால் அழிக்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடிக்க வங்கி முன்வந்தால், அது ‘முழுமையாகச் செலுத்தப்பட்டது’ என்று பதிவாகாமல் ‘சமரசத் தீர்வு’ என்றே பதிவாகும். பின்னாளில் கடன் கோரும்போது இந்த வேறுபாடு கவனிக்கப்படும்.

தானியங்கிப் பற்று வசதியில் குறைந்தபட்சத் தொகைக்கேனும் அனுமதி அளித்துவைப்பது, மறதியால் நேரும் தாமதத்தைத் தவிர்க்கும். சம்பள நாளுக்கும் கெடு தேதிக்கும் பொருத்தமில்லாதவர்கள் கணக்குச் சுழற்சித் தேதியை மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கியின் விதியே இடமளிக்கிறது. கெடு ஏற்கெனவே தவறியிருந்தால், முழுத் தொகை கையில் சேரும் வரை காத்திராமல், குறைந்தபட்சத் தொகையை மூன்று நாட்களுக்குள் செலுத்திவிடுவதே பதிவைக் காக்கும் முதல் நடவடிக்கை.