வள்ளியின் உறவினர்

வடக்கிலிருந்து கதிர்காமம் நோக்கிக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டத்தைப் புல்மோட்டைக் கரையோரம் நன்கறியும். திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, உகந்தை என அவர் பயணம் நீளுகிறது. நாவில் ஒலிப்பது முருகன் நாமம். ஆயின் அம்முருகன் அங்கே யாரை நாடிச் செல்கிறான் என்பதை எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேர்?

ஆடித் திருவிழாவின் இரவுகளில் சுவாமி எழுந்தருள்வது வள்ளியம்மன் கோயிலுக்கே. தெய்வயானையம்மன் கோயில் அருகிலேயே உண்டு. எனினும் யானைமீது செல்லும் மூடிய பேழை வேடர் மகளின் வாசலையே நாடுகிறது. பூசை புரிவோர் பிராமணர் அல்லர். வாயைத் துணியாற் கட்டிய கப்புறாளைமார். திரைக்குப் பின்னே நடப்பது மௌன வழிபாடு. தாம் வேடர் வழிவந்தோர் என்பது அவர்தம் மரபுரை. கானவர் வழக்கும் சைவ நெறியும் கலந்த தலம் அது.

நம் தலங்களைப் பிறர் தமதாக்குகின்றனர் என்று நாம் முறையிடுகிறோம். அம்முறையீடு நியாயமானதே. ஆயின் நாம் வாதியாக நிற்கும் மன்றிலே, நம்மைப் பிரதிவாதியாக்கி நிற்பவரும் உளர். வாகரையிலும் வெருகலை அண்டிய ஊர்களிலும் தமிழ் பேசி வாழும் கரையோர வேடரே அவர். 1911-இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூலிலே அவருக்கு இடமுண்டு. நம் மேடைகளிலோ அவர் பெயரே எழுவதில்லை.

“அவரும் தமிழரே, தனியுரிமை எதற்கு?” என்பார் சிலர். “எல்லோரும் இலங்கையரே, தமிழருக்குத் தனியுரிமை எதற்கு?” என்று நம்மிடம் கேட்போரின் வாதமன்றோ இது? அங்கே மறுத்ததை இங்கே எவ்வாறு ஏற்பது?

காட்டை நம்பி வாழ்ந்த குடிக்கு உறுதிப்பத்திரம் ஏது? 1983-இல் மாதுறு ஓயா தேசிய வனமானபோது உள்நாட்டு வேடர் தம் வேட்டை நிலத்தை இழந்தனர். 2007-இல் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றியபோது இலங்கையும் ஆதரித்து வாக்களித்தது. வழிபாட்டிடங்களைப் பேணும் உரிமையை அதன் 12-ஆம் உறுப்புரை கூறுகிறது. கையொலி எழுப்பிய கை செயலிலும் இறங்க வேண்டாமா?

ஆகவே, கரையோர வேடரின் குடியிருப்பு நிலங்களுக்கு அரசு உறுதி வழங்குக. அவர்தம் சடங்குக் களங்களை ஆகமத்தின் பெயரால் நாமும் அழியாதிருப்போமாக. அவர் குரல் நம் கோரிக்கைகளிலும் ஒலிக்கட்டும்.

வள்ளியைத் தாயென்கிறோம். அவ்வாறாயின் வேடர் நமக்கு மாமன்மார். மாமனை வாசலில் நிறுத்திவிட்டுத் தாய்க்குத் தீபங் காட்டுவது எவ்வூர் வழக்கம்?