ஏமாந்தது யார்?

எங்க தெரு காளியம்மன் பொங்கலுக்குப் போன வருசம்தான் முதன்முதலா ரெக்கார்டு டான்ஸ் வெச்சோம். தலைக்கட்டுக்கு ஐநூறு ரூவா வரி. 'ஊர்த்தெருவுல வைக்கிறான், நமக்கென்ன கொறச்ச?' என்றுதான் இளவட்டம் கிளம்பியது. நானும் அதில் ஒருத்தன்.

ஆபாச ஆட்டம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதியைப் பற்றிப் பாட்டோ பேனரோ கூடாது. இப்படி நிபந்தனை போட்டுத்தான் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆடல் பாடலுக்கு அனுமதி தருவது வழக்கம். நாங்களும் ஸ்டேசனில் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ராத்திரி நடந்தது வேறு. வேனில் மூணு பொம்பளைகள் வந்தார்கள். துணி மாத்த இடமில்லை. தண்ணித் தொட்டிக்குப் பின்னால் ஒருத்தி சேலையை விரித்துப் பிடிக்க இன்னொருத்தி மாத்தினாள். ரெண்டு பாட்டு முடியுமுன்னே 'கழட்டு, கழட்டு' என்று கூச்சல். கிழவிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பத்து ரூவா நோட்டைக் கசக்கி மேடையில் எறிந்தான்கள். கால்ல ஆணி குத்திருச்சு, அஞ்சு நிமிசம் என்று ஒருத்தி மைக்கில் கேட்டாள். 'காசு வாங்குனேல்ல, ஆடு' என்றது கூட்டம். பத்து மணிக்குப் போலீசு வந்து நிறுத்தியது. 'ஏமாத்திட்டாளுக' என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள்.

பாக்கிப் பணம் கொடுக்கப் போனேன். அவர்களில் மூத்தவள் கேட்டாள்: "தம்பி, இது காலனிதானே?" ஆமாக்கா என்றேன். "நானும் காலனிதான்ப்பா. ஊர்க்காரன்தான் அப்படின்னா நீங்களுமா?"

தோழர்களே, ஏமாந்தது யார்?

பறையடிக்கப் போன நம்ம அப்பன் பாட்டனுக்கு ஊரான் காசை எறிந்து கொடுத்தான். 'கையில கொடு' என்று சண்டை போட்ட சனம் நாம். அந்த மேடையில் காசை எறிந்தது நம்ம கை.

தடை போடுங்க என்பார்கள் சிலர். 2005இல் மகாராட்டிர அரசு டான்ஸ் பார்களுக்குத் தடை போட்டது. ஆனால் மூன்று நட்சத்திர ஓட்டலும் அதற்கு மேலேயும் ஆடலாம் என்று விட்டது. பணக்காரன் பார்த்தால் கலை, கூலிக்காரன் பார்த்தால் ஒழுக்கக்கேடு! இந்தப் பாகுபாடு செல்லாது என்று 2013இல் உச்சநீதிமன்றம் சொல்வதற்குள் ஆடிப் பிழைத்த பெண்களுக்கு எட்டு வருசப் பொழைப்பு போனது.

1936 ஜூனில் பம்பாயில் தேவதாசிகளும் ஜோகினிகளும் கூடிய கூட்டத்தில் அம்பேத்கர் பேசினார். இந்த இழிவான பிழைப்பை விட்டு வெளியே வாருங்கள் என்றார். அன்னைக்கி அவர் ஆடுகிற பெண்களைப் பார்த்துச் சொன்னார். இன்னைக்கி அதை மேடைக்கு முன்னால் விசிலடிக்கிற ஆம்பளைகளைப் பார்த்துச் சொல்லணும். அவள் பிழைப்பை விட்டு வெளியே வர வேற வேலை வேணும். நாம வெளியே வர எதுவும் வேணாம், வெக்கம் இருந்தா போதும்.

இந்த வருசமும் வரி போடப் பேச்சு நடக்குது. நான் கூட்டத்தில் கேட்கப் போவது நாலே விசயம்: துணி மாத்த ஒரு வீடு, நம்ம கூட உட்கார்ந்து சாப்பாடு, பாதியில் நின்னாலும் முழுச் சம்பளம், காசு எறியிறவன் நம்ம பையனானாலும் வெளியே. இது முடியாதுன்னா டான்ஸே வேணாம். ஊர்க்காரன் மாதிரி ஆகத்தானா இத்தனை வருசம் ஊர்க்காரனோட சண்டை போட்டோம்?