கரண்ட் வந்த பிறகு

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைகளில் யூபிஎஸ் பேட்டரி என்றைக்குச் செத்தது என்பது கரண்ட் போகும்போதுதான் தெரியவரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழைநீர் பேட்டைக்குள் புகுந்தபோது லேத்துகளே தண்ணீரில் நின்றன. அது பெரிய கதை. நான் சொல்ல வந்தது, சாதாரணச் செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் கரண்ட் போய் வந்தாலே நடக்கிற ஒன்று.

மூலையில் ஒரு பழைய சிபியூ இருக்கும். உள்ளே லினக்ஸ். டிராயிங்குகளும் சிஎன்சி புரோகிராம்களும் அதில்தான். சாம்பா என்ற மென்பொருள் அவற்றை மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். கரண்ட் வந்தது, சிபியூ ஃபேன் சுற்றியது, ஆனால் ஷேர் ஃபோல்டரைக் காணோம். ஆபரேட்டர் கை கட்டி நிற்கிறார். முதலாளி, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?" என்கிறார்.

ஓடியது உண்மைதான். செட்டப் செய்தவர் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்’ என்று அடித்துவிட்டுப் போயிருப்பார். அது சாம்பாவை இப்போதைக்கு ஓட்டும், அவ்வளவுதான். அடுத்த முறை பூட் ஆகும்போது தானாக எழ வேண்டுமென்றால் ‘எனேபிள்’ கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கட்டளை பெரிதாக எதையும் செய்வதில்லை. சாம்பா போல எழ வேண்டிய சர்வீஸ்களுக்கான ஃபோல்டரில் ஒரு லிங்க் போட்டு வைக்கும். பூட் ஆகும்போது முதல் ப்ராசஸாக எழும் சிஸ்டம்டி அந்த ஃபோல்டரைப் பார்த்துத்தான் மற்றவற்றைக் கிளப்புகிறது.

சிஸ்டம்டிக்கு முன்பு சர்வீஸ்களை எழுப்பும் முறை வேறு. 2011 செப்டம்பர் 15 அன்று ஆவடியைத் தாண்டிக் காக்களூரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் வந்தது. பிள்ளைகள் பலர் அந்தப் பக்கமே போகவில்லை என்பது வேறு விஷயம். போனவர்கள் பார்த்தது அந்தப் பழைய முறை: ஃபோல்டரில் உள்ள லிங்கின் பெயரில் எஸ் என்ற எழுத்து, இரண்டு இலக்க எண், பிறகு சர்வீஸின் பெயர். எண் சிறியது முதலில் எழும். ஃபோல்டரைத் திறந்தாலே பந்தி வரிசை தெரிந்துவிடும். பாஸுக்குத் தாயான டெபியன் 2014இல் பெரிய சண்டைக்குப் பிறகு சிஸ்டம்டிக்கு மாற முடிவு செய்தது. எனக்குப் பழையதன் மேல் பிரியம் உண்டு. ஆனால் எந்த சர்வீஸ் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று எழுதி வைக்கிற வசதி அதில் பிற்பாடு ஒட்டுப் போட்டதுதான். டிஸ்க் மவுன்ட் ஆவதற்குள் சாம்பா எழுந்து காலி ஃபோல்டரைக் காட்டும் கூத்தைப் பார்த்தவர்களுக்குப் புதியதன் அருமை தெரியும்.

எழ வேண்டியது எழாதது ஒரு தொல்லை என்றால், வேண்டாதது எழுவது இன்னொன்று. டெஸ்க்டாப் லினக்ஸில் மோடம்மேனேஜர் என்று ஒன்று கூடவே வரும். டேட்டா கார்டு செருகினால் நெட் கிடைக்க அது வேண்டும். பட்டறையில் சீரியல் கேபிளை யூஎஸ்பியில் மாட்டி சிஎன்சிக்கு புரோகிராம் அனுப்புவார்கள். மோடம்மேனேஜரின் பழைய பதிப்புகள் அந்த கேபிளையும் மோடம் என்றெண்ணி, "நீ மோடமா?" என்று கேட்டு நாலு எழுத்தை அனுப்பிப் பார்க்கும். மெஷின் அதைப் புரோகிராம் என்று நினைத்து அலாரம் அடிக்கும். மோடம்மேனேஜரை ‘டிசேபிள்’ செய்தாலும் வேறொரு சர்வீஸ் கூப்பிட்டால் எழுந்து வந்துவிடும். ‘மாஸ்க்’ செய்தால்தான் யார் கூப்பிட்டாலும் எழாது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், கரண்ட் வந்தவுடன் சிபியூ தானாக ஆன் ஆக பயாஸில் தனி செட்டிங் உண்டு. மதர்போர்டின் காசு பேட்டரி தீர்ந்திருந்தால் அதுவும் மறந்துபோகும். ஆகவே செட்டப் செய்தவருக்குப் பணம் கொடுக்குமுன் சிஸ்டத்தை முறையாக ஷட்டவுன் செய்யச் சொல்லுங்கள். பிறகு மெயின் ஸ்விட்சை அணைத்துப் போடுங்கள். யாரும் கீபோர்டைத் தொடாமல் டிராயிங் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு பில்லை வாங்குங்கள்.