சட்டப் பள்ளிக்கு முன் ஓர் ஆண்டு

'வருஷம் வீணாகிறது' என்பது நம்மவர்களிடையே ஏறக்குறைய ஒரு சாபச்சொல். கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் மறக்காமல் இதைப் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றிருக்கிறார்கள் என்பதை அண்மையில் ஒரு வீட்டு வழக்கில் கண்டேன்.

நண்பரின் மகள் அங்கே மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாறு படிக்கிறாள். பள்ளியிலேயே 'ஏ.பி.' பாடங்களை எழுதிக் கிரெடிட் சேர்த்து வைத்திருந்ததால் மூன்றே ஆண்டுகளில் பட்டம் வாங்கிவிட முடியும். அவளோ நான்காம் ஆண்டும் இருந்துவிட்டுப் பிறகு சட்டப் பள்ளிக்கு விண்ணப்பிக்கிறேன் என்கிறாள். மதிப்பெண் கூடும் என்பது அவள் சொல்லும் காரணம். தந்தைக்கு இது பிடிக்கவில்லை. ஊரில் ப்ளஸ் டூ முடித்து நேரே ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்தவர்கள் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் கறுப்பு அங்கி மாட்டிக்கொள்வதை அவர் பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் அந்த வழி கிடையாது. முதலில் ஓர் இளங்கலைப் பட்டம், அதன் மேல் மூன்றாண்டு ஜே.டி. என்பதே வழக்கம். ஏற்கெனவே நீண்ட வழியை இன்னும் நீட்டுவானேன் என்பது அவர் வாதம்.

என் கட்சி மகளின் கட்சிதான். ஆனால் அவள் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை.

மதிப்பெண் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்றாண்டுகளில் 90 கிரெடிட்டுக்கு அவள் சராசரி 3.3 என்று கொள்வோம். நான்காம் ஆண்டில் 30 கிரெடிட் எடுத்து, ஒரு பாடத்தில்கூட வழுக்காமல் எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கினாலும் சராசரி 3.47ஐத்தான் தாண்டும். மனிதர்கள் வாங்கக்கூடிய 3.7 வாங்கினால் 3.4. ஓராண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் கொடுத்து வாங்குவது இந்தப் பத்தில் ஒரு பங்குதான். நான்காண்டு முடித்து ஐந்தாம் ஆண்டும் தங்க நினைப்பவருக்கு வகுக்கும் எண் பெரிதாகிவிடுவதால் இன்னும் குறைவாகவே நகரும்.

இது அற்பமான எண் என்றும் சொல்லிவிட முடியாது. அங்குள்ள சட்டப் பள்ளிகள் ஒவ்வொன்றும் தான் சேர்த்துக்கொண்ட மாணவர்களின் சராசரியிலும் நுழைவுத் தேர்விலும் நடுப்புள்ளி எது என்பதை ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். தரவரிசைப் பட்டியல் தயாரிப்பவர்களும் அந்த நடுப்புள்ளியைத்தான் பார்க்கிறார்கள். (2022 நவம்பரில் யேலும் ஹார்வர்டும் அப்பட்டியலோடு ஒத்துழைக்க மாட்டோம் என்று அறிவித்தன. பட்டியல் என்னவோ தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.) ஆகவே நடுப்புள்ளியின் அந்தப் பக்கம் நிற்பவருக்கு ஒரு மதிப்பு, இந்தப் பக்கம் நிற்பவருக்கு வேறொரு மதிப்பு, உதவித்தொகையும் பெரும்பாலும் இந்தக் கோட்டை ஒட்டியே போகிறது. தான் விரும்பும் பள்ளியின் கோட்டை அந்தப் பத்தில் ஒரு பங்கு கடக்க வைக்கும் என்றால் சரி. இல்லையென்றால் அந்த உழைப்பை எல்சாட் தேர்வில் போடுவது மேல். 120க்கும் 180க்கும் இடைப்பட்ட அந்த ஒற்றை எண்ணைச் சில மாதத் தயாரிப்பில் உயர்த்திக்கொள்ள முடிகிறது. 2024 ஆகஸ்டிலிருந்து அத்தேர்வில் பேர்போன தர்க்கப் புதிர்ப் பகுதியும் இல்லை. வாதங்களை அலசுவதும் உரைநடையைக் கூர்ந்து வாசிப்பதும்தான் மிச்சம். வாசிப்புப் பழக்கத்துக்கு எங்கோ ஓரிடத்திலாவது மதிப்பெண் போடுகிறார்கள் என்று நாம் மகிழ்ந்துகொள்ளலாம்.

தந்தையும் மகளும் இருவருமே கவனிக்காத இன்னொன்று உண்டு. விண்ணப்பங்கள் இலையுதிர் காலத்தில் தொடங்குகின்றன. மூன்றாண்டில் பட்டம் வாங்கி அப்படியே சட்டப் பள்ளிக்குப் போகிறவள் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்தாக வேண்டும். அப்போது அவள் கையில் இருப்பவை இரண்டு ஆண்டு மதிப்பெண்கள். முந்நூறு பேர் அமரும் விரிவுரை மண்டபத்தில் கடைசி வரிசையில் அவளைக் கண்ட பேராசிரியர் பரிந்துரைக் கடிதத்தில் என்னதான் எழுதுவார்? மாறாக, பட்டம் வாங்கியபின் ஓராண்டு வெளியே வேலை பார்த்துக்கொண்டு விண்ணப்பித்தால் இறுதியாண்டு மதிப்பெண்களும் கணக்கில் சேர்ந்துவிடும். கட்டணம் ஒரு காசு கிடையாது. ஆனால் ஒரு கதவு அத்தோடு மூடிக்கொள்ளும்: முதல் இளங்கலைப் பட்டம் கையில் வந்தபின் வாங்கும் மதிப்பெண் எதுவும் அந்தச் சராசரியில் சேராது. முதுகலையில் முழு மதிப்பெண் வாங்கினாலும்கூட.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பெயர்பெற்ற சட்டப் பள்ளிகளில் ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டுமே 70,000 டாலரைத் தாண்டுகிறது. 2025இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேரும் சட்ட மாணவருக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் இரண்டு லட்சம் டாலர் என்ற வரம்புக்குள்தான். மிச்சத்துக்குத் தனியார் கடன் அல்லது அப்பாவின் சேமிப்பு. இந்நிலையில் நான்காம் ஆண்டுக்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலரும் சட்டப் பள்ளியில் தேவைப்படப்போகும் டாலர். தந்தையின் தரப்பில் இந்த ஒரு வாதத்தை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை.

பிறகு ஏன் மகளின் பக்கம் நிற்கிறேன்? அவள் சொல்லாத காரணத்துக்காக. வரலாற்றுத் துறையில் நான்காம் ஆண்டு என்பது ஆய்வேடு எழுதும் ஆண்டு. ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் எழுதி, அடித்து, மறுபடி எழுதும் வாய்ப்பு சட்டப் பள்ளியின் முதலாண்டில் கிடைக்கவே கிடைக்காது. வழக்கறிஞரின் வேலை பெரும்பகுதி எழுத்துதான் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். ஆய்வேடு எழுதப்போகிறாள் என்றால் இருக்கட்டும். அது இல்லாமல் எளிதான பாடங்களைப் பொறுக்கி 'ஏ' சேர்க்கப்போகிறாள் என்றால் பட்டத்தை வாங்கிக்கொண்டு ஏதேனும் வழக்கறிஞர் அலுவலகத்தில் ஓராண்டு கோப்புகளோடு மல்லுக்கட்டிப் பார்க்கட்டும். இந்தத் தொழில் தனக்கு ஆகுமா என்பதாவது கடன்பத்திரத்தில் கையெழுத்திடுமுன் தெரிந்துவிடும்.

தந்தை அஞ்சுவது போல ஓராண்டு பின்தங்கியவர் யாரும் அங்கே தனியாகத் தெரிவதில்லை. பராக் ஒபாமா 1983இல் கொலம்பியாவில் பட்டம் பெற்று, ஐந்தாண்டு கழித்து 1988இல்தான் ஹார்வர்டு சட்டப் பள்ளிக்குப் போனார். நமக்கு இன்னும் நெருக்கமானவர் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ். ஹார்வர்டில் மூன்றாண்டு இருந்துவிட்டு 1900இல் பட்டமின்றி வெளியேறி, நியூயார்க்கில் சிறிது காலம் பத்திரிகைக்காரராக அலைந்தபின்தான் சட்டம் படித்து 1903இல் முடித்தார். முதல் கவிதைத் தொகுதி வெளிவந்தது 1923இல், நாற்பத்துமூன்று வயதில். அப்போது அவர் ஹார்ட்ஃபோர்டில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர்.