ஊசியை நிறுத்தினால் உடம்பு இளைக்கும்... அப்புறம்?

"டாக்டர், இன்சுலின் போட்டா குண்டாயிடுவாளாமே? கல்யாண வயசு வேற. கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா?"

பத்து வயதிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தனியாக விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஒரு மாதமாகவே ஊசியின் அளவைப் பாதியாகக் குறைத்து வந்திருக்கிறாள். எடையும் குறைந்திருக்கிறது. 'பரவாயில்லையே, இளைச்சுட்டியே!' என்று வீட்டில் பாராட்டு வேறு!

கொழுப்பு என்றால் சும்மா தொங்குகிற சதை என்று நினைக்கிறோம். அது நம் உடம்பின் நெல் குதிர். மூன்று கொழுப்பு அமிலங்களை ஒரு கிளிசராலோடு கட்டி, மூட்டை மூட்டையாக அங்கே அடுக்கியிருக்கிறது. மூட்டையைப் பிரிக்க உத்தரவு வேண்டும். அந்த உத்தரவைக் கொண்டுவருபவைதான் ஹார்மோன்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்கள், அட்ரினலின் சுரக்கிறது, குதிர் திறக்கிறது. சாப்பிட்டு முடிக்கிறீர்கள், இன்சுலின் சுரக்கிறது, குதிர் மூடிக்கொள்கிறது. ராத்திரி தூங்கும்போது இன்சுலின் குறைவதால் கதவு கொஞ்சம் திறக்கும். காலை காபி வரைக்கும் உடம்பு தாக்குப்பிடிப்பது அதனால்தான். (வயிற்றைச் சுற்றிக் கட்டினால் கொழுப்பு கரையும் என்று பெல்ட் விற்கிறார்களே, அந்த பெல்ட்டுக்கு இந்த உத்தரவெல்லாம் போடத் தெரியாது!)

இன்சுலின் ஒரு பூட்டு. சிறு வயதிலேயே வரும் டைப்-1 சர்க்கரை நோயில் கணையம் இன்சுலினைச் சுரப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஊசிதான் பூட்டு. அதை எடுத்துவிட்டால் குதிர் மொத்தமாகத் திறந்துகொள்ளும். கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் வெள்ளமாகப் பாயும். கல்லீரல் அவற்றைக் கீட்டோன்களாக மாற்றித் தள்ளும். ரத்தம் அமிலமாகும். வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு கீழ்மூச்சு, மூச்சில் அழுகிய பழ வாசனை. 'ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை' என்று சோடா வாங்கிக் கொடுத்துப் பொழுதைக் கழிப்பார்கள். அந்தச் சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம்.

இளைப்பதுதான் அழகு என்பவர்கள் 1922-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கனடாவின் டொரண்டோ நகரில் முதன்முதலாக இன்சுலின் போடப்பட்ட லியோனார்ட் தாம்ஸனுக்கு வயது 14. எடை சுமார் 30 கிலோ! அந்த ஊசி வருவதற்கு முன் இப்படிப்பட்ட குழந்தைகளெல்லாம் எலும்பும் தோலுமாகிச் செத்துப் போனார்கள்.

இன்னொரு தவறும் வீடுகளில் நடக்கிறது. ஜுரம் வந்தால், 'பிள்ளை ஒண்ணுமே சாப்பிடலை, ஊசி எதுக்கு?' என்று நிறுத்திவிடுகிறார்கள். ஜுரத்தில்தான் அட்ரினலினும் கார்ட்டிசாலும் ஏறி, குதிரை இன்னும் அகலமாகத் திறக்கும். சாப்பிடாவிட்டாலும் ஊசியை அடியோடு நிறுத்தக் கூடாது. எவ்வளவு போடலாம் என்று உடனே டாக்டரைக் கேளுங்கள். பெரிய வயதில் வரும் டைப்-2-வில் கணையம் ஓரளவு சுரந்துகொண்டிருக்கும். பூட்டைப் பிடித்துவைக்க அந்தக் கொஞ்சமே பெரும்பாலும் போதும் என்பதால் ஆபத்து இவ்வளவு வேகமாக வருவதில்லை. அதற்காக அவர்களும் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை.

இன்சுலின் போட்டால் எடை கூடுமா? கூடும், மறுக்கவில்லை. அதுவரை சிறுநீரில் வீணாகப் போன சர்க்கரை உடம்பில் தங்குகிறதே! சாப்பாடு, நடை, மருந்தின் அளவு மூன்றையும் டாக்டரோடு பேசிச் சரிசெய்ய வழி இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தப் பெண்ணைவிட அவளைப் பாராட்டிய உறவினர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அன்றைக்கே அவள் சிறுநீரில் கீட்டோன் இருந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் போனபோது, அம்மா ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "காலையில எத்தனை யூனிட், ராத்திரி எத்தனை யூனிட்? நீங்க சொல்லுங்க டாக்டர், நானே எழுதிக்கறேன்."